சண்டையா? எங்கட இடத்திலையா? சீச்சீ!

போன கிழமை அக்காவின் மகள் போன் எடுத்தாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு நேர்முகத் தேர்வு, ஒரு பெரிய சுப்பர் மார்க்கெட்டின் யாழ்ப்பாணக் கிளையில் உதவி முகாமையாளர் வேலை. "மாமா, மற்றக் கேள்வியள் எல்லாம் சரி. உங்களுக்குக் கீழே வேலை செய்யிற ரெண்டு பேர் சண்டை பிடிச்சால் என்ன செய்வீங்கள் எண்டு கட்டாயம் கேட்பினமாம். அதுக்கு என்ன சொல்லுறது?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அந்தக் கேள்வியில் ஒருமுறை நல்ல வடிவாகக் கவிழ்ந்தவன் நான். அரை மணித்தியாலம் கதைத்தும் முடியவில்லை, மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன். அவளும் வாசிப்பாள், வேறு யாருக்கும் உதவினாலும் சந்தோசம்.

கவிழ்ந்த கதையை முதலில் சொல்கிறேன். அப்போது நான் ஒரு விநியோக நிறுவனத்தில் மேற்பார்வையாளராக ஆறு வருடம் முடித்திருந்தேன். பிஸ்கட், பால்மா, சவர்க்காரம், சோடா என்று கடைகளுக்குப் போகும் சாமான்கள். எனக்குக் கீழே பதினொரு பேர்: ஸ்ரோரில் நாலு, பில் அடிக்க இரண்டு, லொறி ஓட மூன்று, லொறியில் கூடப் போகிற பெடியள் இரண்டு. இதைவிடப் பெரிய இடமொன்றில் வெற்றிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள், அதில் ஒருவர் தமிழர். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்தக் கேள்வி வரும்வரை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் இடத்தில் சண்டையே வருவதில்லை, நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்தத் தமிழர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து தமிழிலேயே கேட்டார், "தம்பி, உங்கட குடும்பத்தில சண்டை வாறேல்லையோ?"

பதில் வரவில்லை. மற்ற இருவருக்கும் அவர் அதைச் சிங்களத்தில் சொன்னபோது அவர்களும் சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு பதிலால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட கேள்விகள் நேரத்தைப் போக்கக் கேட்டவை என்று எனக்கே விளங்கியது.

இப்படிச் சொன்னதற்கு என்னை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வீட்டுக் கதை படலையைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஒப்பீசில் இரண்டு பேர் முகம் பார்க்காமல் திரிந்தால் அதை வெளி ஆளிடம் சொல்வது கோள் சொல்வது மாதிரி இருக்கும். அதோடு யாழ்ப்பாணம் சின்ன இடம். பெயரைச் சொல்லாவிட்டாலும் "கோண்டாவில் பக்கம் ஒரு அண்ணை" என்று தொடங்கினாலே போதும், எதிரில் இருப்பவர் மனதுக்குள் ஆளைப் பிடித்துவிடுவார், சில வேளை அது அவருடைய மச்சானாகவும் இருக்கும். ஆகவே வாயை மூடிக்கொண்டு குடும்பம் மாதிரி என்று சொல்லிவிடுகிறோம். கேட்பவருக்கு அது எப்படிக் கேட்கிறது தெரியுமா? ஒன்றில் இவனுக்குத் தன் ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுவான்.

அவர்கள் கேட்பது உங்கள் ஆட்கள் நல்லவர்களா என்று இல்லை. இரண்டு பேர் முட்டிக்கொண்டபோது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்கிறார்கள். அதனால்தான் "சண்டை வந்தால் ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கதைப்பேன்" என்ற பதிலும் எடுபடாது. கதைப்பேன், விசாரிப்பேன், சமாதானப்படுத்துவேன் எல்லாம் யாரும் சொல்லலாம். உடனே அடுத்த கேள்வி வரும், "சரி, அப்படி நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்." இனிமேல் செய்யப்போவதைவிட ஏற்கனவே செய்ததில்தான் ஆளைப் பார்க்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு. இதற்கு ஸ்டார் முறை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள்: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, கடைசியில் நடந்தது. மோசமில்லை, பாவிக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் நிலைமையைச் சொல்லத் தொடங்கினால் இரண்டு பேரின் பூட்டன் காலத்திலிருந்து தொடங்குவோம், செய்ததைச் சொல்ல வரும்போது நேரம் முடிந்துவிடும். நிலைமைக்கு நாலு வசனம் காணும். பாதிக்கு மேலான நேரம் நீங்கள் செய்ததுக்குப் போக வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு இடத்தில் இதே கேள்வி வந்தது. இந்த முறை நான் சொன்ன சம்பவத்தை அப்படியே எழுதுகிறேன், ஆட்களை அடையாளம் தெரியாமல் கொஞ்சம் மாற்றி.

ஸ்ரோரில் ஒரு அண்ணை. என்னைவிட வயதில் மூத்தவர், நான் அங்கே சேர முன்னரே இருந்தவர். வேலையில் நான் மேலே, கதைக்கும்போது "அண்ணை, நீங்கள்" தான். பில் அடிக்கிற இடத்தில் ஒரு தங்கச்சி, வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. இந்த இரண்டு பேருக்கும் இடையில் கதை நின்று இரண்டு மாதம். பில்லை அவள் மேசை ஓரத்தில் வைப்பாள், அவர் ஒரு பெடியனை அனுப்பி எடுப்பிப்பார். சந்தேகம் இருந்தாலும் கேட்பதில்லை. தீவுப் பக்கம் போன லொறி பின்னேரம் திரும்பி வரும்போது கணக்குப் பொருந்தாது, ஒரு பிஸ்கட் இரண்டு பெட்டி கூட இருக்கும், இன்னொன்று இரண்டு பெட்டி குறையும். வேலணையில் ஒரு கடைக்காரர் போன் எடுத்து ஏசுவார். அண்ணை சொல்வார் பில் பிழை என்று, அவள் சொல்வாள் ஏற்றினது பிழை என்று. ஒரு நாள் அவர் சாரதிகளுக்கு முன்னால் "படிச்ச பிள்ளையள் எண்டு எடுத்தால் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டார். அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள்.

நான் முதலில் செய்தது பிழை. உடனே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அடுத்த நாள் அவள் வந்தவுடனேயே இருவரையும் என் அறைக்குக் கூப்பிட்டு எதிரும் புதிருமாக இருத்தி "என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். அறைக்குக் கண்ணாடிச் சுவர். வெளியில் எல்லோரும் பார்க்கிறார்கள். மகள் வயதுப் பிள்ளைக்கு எதிரில், தம்பி வயது மேலாளருக்கு முன்னால் அவரை இருத்தியிருக்கிறேன். இரண்டு பேரும் "ஒண்டுமில்லை" என்றார்கள். நானும் சரி, முடிந்தது என்று நினைத்து எழும்பிவிட்டேன். அவர் அடுத்த இரண்டு நாள் லீவு.

அதற்குப் பிறகுதான் தனித்தனியாகக் கதைத்தேன். அவரை ஒப்பீசில் வைத்துக் கதைக்கவில்லை, றோட்டுக் கரைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து நிமிடம் வெங்காயச் செய்கையைப் பற்றித்தான் கதைத்தார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தானாக வந்தது. "தம்பி, இவ்வளவு வருசம் சாமான் ஏத்தின எனக்கு எண்ணத் தெரியாது எண்டு நேற்று வந்த பிள்ளை எழுதுது." அவள் அப்படி எழுதவில்லை. பில் பிரதியில் சிவப்புப் பேனையால் "எண்ணிப் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறாள், ஞாபகத்துக்காக. அவருக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி. அவளைக் கேட்டபோது அவள் சொன்னது ஒரு வரிதான்: "என்ரை பிழை எண்டால் காட்டட்டும் சேர், ஏன் எல்லாருக்கும் முன்னால?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது, அப்படியென்றால் சாமான் எங்கே பிழைக்கிறது? மூன்று நாள் காலமை ஐந்தரைக்கே போய் லொறி ஏற்றும் இடத்தில் நின்றேன். மூன்றாம் நாள் பிடிபட்டது. பில் அடிக்கிற மென்பொருளில் சாமானின் பெயருக்கு ஒதுக்கியிருந்த இடம் சின்னது. பெயர் நீளமானால் கடைசி எழுத்துகள் தாளில் விழாது. கிராம் கணக்கு கடைசியில்தான் வருகிறது. எண்பது கிராம் பக்கற்றும் நூறு கிராம் பக்கற்றும் திரையில் வேறு வேறு, தாளில் இரண்டும் ஒன்று! அவள் திரையைப் பார்த்து அடித்தது சரி. அவர் தாளைப் பார்த்து ஏற்றியதும் சரி. அந்தச் சின்னப் பக்கற் எங்களுக்கு வரத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, சண்டை தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். கிராமைப் பெயருக்கு முன்னால் போடச் சொன்னேன். அரை மணித்தியால வேலை. இரண்டு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் தாளில் விழாத சில எழுத்துகள்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் நன்றாக இருக்கும், கைதட்டும் கிடைக்கும். ஆனால் பில் திருந்தியதால் அவர் சாரதிகளுக்கு முன்னால் சொன்ன வார்த்தை திருந்திவிடாது. அவரிடம் தனியாகச் சொன்னேன், "அண்ணை, பில் பிழை மெசினுக்கு. அந்தக் கதை உங்கட." அவர் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு நாள் பில் எடுக்கப் பெடியனை அனுப்பாமல் அவரே வந்து, "தங்கச்சி, இண்டைக்கு எத்தினை லோட்?" என்றார். அவளும் சொன்னாள். அவ்வளவுதான். கடைசிவரைக்கும் அவர்கள் சிநேகிதமாகவில்லை, வேலைக் கதை மட்டும்.

நேர்முகத்தில் இதைச் சொல்ல எனக்கு மூன்று நிமிடம் எடுத்தது. என் முதல் பிழையையும் சேர்த்துத்தான் சொன்னேன். நடுவில் இருந்த அம்மா கேட்டார், தீர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? இது முக்கியமான கேள்வி, பலர் இதில் "இப்ப சந்தோசமாக இருக்கினம்" என்று சொல்லி வழுக்குவார்கள். முன்னர் கிழமையில் இரண்டு மூன்று தரம் கணக்குப் பிழைத்தது, மாற்றிய பிறகு வந்த மாதம் முழுக்க ஒரே ஒரு தரம் என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. நீங்கள் கேட்கச் சொல்லவில்லையா? கேட்கச் சொல்லிக் கேட்பித்தால் அது அந்தப் பிள்ளைக்கும் உதவாது என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். வேலை கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு என் பிஸ்கட் கதையைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டாம், துருவிக் கேட்டால் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடுவீர்கள்.

துருவிக் கேட்பார்கள், அது நிச்சயம். எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்தும் ஒரு கேள்வி: அந்த இரண்டு பேரில் ஒருவர் உங்களுக்குச் சொந்தம் என்றால்? "எனக்கு எல்லாரும் ஒண்டுதான்" என்று சொல்லாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள், நீங்களும் நம்ப மாட்டீர்கள். சொந்தம் என்பதை முதலே மேலிடத்துக்குச் சொல்லிவிடுவேன், விசாரிக்கும்போது இன்னொருவரையும் கூட வைத்துக்கொள்வேன் என்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற பதில்.

இன்னொன்று, எந்தச் சண்டையை நீங்கள் தீர்க்கப் போக மாட்டீர்கள்? இதைக் கேட்டால் பலர் முழிப்பார்கள், எல்லாவற்றையும் தீர்ப்பதுதான் கெட்டித்தனம் என்று நினைப்பதால். கை நீட்டினால், களவு என்றால், ஒரு பெண் பிள்ளை தன்னை ஒருவர் தொந்தரவு செய்கிறார் என்று வந்து சொன்னால், அது சமாதானம் பேசுகிற விசயம் இல்லை. பாலியல் தொந்தரவு இலங்கையில் குற்றம், 1995 இல் திருத்திய தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அங்கே போய் "ரெண்டு பேரையும் இருத்திக் கதைப்பேன்" என்றால் உங்கள் நேர்முகம் அந்த இடத்தில் முடிந்தது, முடியவும் வேண்டும். அந்தப் பிள்ளை சொன்னதை எழுதி வைத்து, அன்றைக்கே மனிதவளப் பிரிவுக்கோ மேலிடத்துக்கோ கொடுப்பேன், அதுவரை இருவரையும் ஒரே நேர வேலையில் போட மாட்டேன் என்று சொல்லுங்கள்.

அப்புறம் விட்டுக்கொடுப்பு. "ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் செய்தேன்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். தோமஸ், கில்மன் என்று இரண்டு அமெரிக்கர்கள் 1974 இல் ஒரு கேள்விக்கொத்துச் செய்தார்கள், சண்டையில் ஆட்கள் நடந்துகொள்ளும் விதத்தை அதில் ஐந்தாகப் பிரித்திருப்பார்கள்: முட்டி வெல்லப் பார்ப்பது, ஒதுங்கிப் போவது, இணங்கிப் போவது, ஆளுக்குப் பாதி, இரண்டு பேருக்கும் சரிவரும் ஒன்றைச் சேர்ந்து தேடுவது. நேர்முகம் வைப்பவர்கள் பலருக்கு இது தெரியும். (நாங்கள் ஒதுங்கிப் போவதில் கெட்டிக்காரர், அதற்குப் பொறுமை என்று பெயரும் வைத்திருக்கிறோம்.) ஐந்தும் ஒவ்வொரு நேரத்துக்கு உதவும், ஆனால் ஆளுக்குப் பாதி என்பது பார்க்க நியாயமாக இருந்து காலை வாரிவிடும். எனக்கு வாரியது நல்லூர்த் தேரில்.

திருவிழா 25 நாள், தேர் 24 ஆம் நாள் காலமை. அந்த ஒரு நாளுக்கு லீவு கேட்டு ஸ்ரோரில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். சட்டப்படி பார்த்தால் கடை, அலுவலக ஊழியருக்கு வருடத்தில் 14 நாள் ஆண்டு லீவும் 7 நாள் அமய லீவும் இருக்கிறது, இரண்டு பேரிடமும் லீவு மிச்சம் இருந்தது, ஆனால் இரண்டு பேரும் போனால் ஸ்ரோரைத் திறக்க ஆள் இல்லை. நான் பெரிய நீதிபதி மாதிரி ஆளுக்கு அரை நாள் என்றேன். காலமை போனவன் தேர் பார்த்தான், பின்னேரம் போனவன் வீதியில் கச்சானும் ஐஸ்கிரீமும் பார்த்தான். அந்தப் பெடியன் என்னோடு ஒரு மாதம் சரியாகக் கதைக்கவில்லை, அவனில் பிழையும் இல்லை. அடுத்த வருடம் முன்கூட்டியே எல்லோரையும் கேட்டேன். குருநகர்ச் சாரதி ஒருவர், "தேருக்கு நான் ஸ்ரோரில நிக்கிறன், நத்தாருக்கு எனக்கு மூண்டு நாள் தாங்கோ" என்றார். இது எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. கேட்டிருந்தால் முதல் வருடமே சொல்லியிருப்பார்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியார் வேலை என்றால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். எங்களுக்குச் சண்டை நடந்தது தமிழில், தீர்த்ததும் தமிழில், அதை ஆங்கிலத்தில் சொல்லப் போகும்போது சொந்தச் சொல்லெல்லாம் போய் எங்கோ பாடமாக்கிய வசனங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் தமிழில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள், மனைவிக்கோ சிநேகிதனுக்கோ, மூன்று நிமிடத்துக்குள். அவர்கள் எந்த இடத்தில் "பிறகு?" என்று கேட்கிறார்களோ அந்த இடத்தில் கதை ஆளைப் பிடித்துவிட்டது, எங்கே போனை எடுத்துப் பார்க்கிறார்களோ அதை வெட்டுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். சின்னச் சின்ன வசனமாகச் சொன்னால் இலக்கணப் பிழையை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், ஸ்ரோரில் ஒருவர், பில் இடத்தில் ஒருவர் என்றால் காணும். பழைய முதலாளியைத் திட்டுவது, "அந்தாள் சரியான விசர்" மாதிரி எதுவும் மருந்துக்கும் கூடாது, நாளைக்கு எங்களையும் இப்படித்தான் வெளியில் சொல்வான் என்று நினைப்பார்கள்.

சரி, மருமகளிடம் வருகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு, "இப்ப உன்ரை கதை ஒண்டைச் சொல்லு பிள்ளை" என்றேன்.

"எங்கட கடையில சண்டை ஒண்டும் இல்லை மாமா" என்றாள்.

இரத்தம் பேசுகிறது! கொஞ்ச நேரம் விட்டு, கடை பூட்டும்போது காசு எண்ணுவது யார் என்று கேட்டேன். அதைக் கேட்டதுதான் தாமதம், மளமளவென்று வந்தது. காசாளர் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி காரைநகர், பின்னேரம் கடைசி பஸ்ஸை விட்டால் தகப்பன் மோட்டார் சைக்கிளில் வரவேண்டும். மற்றவள் வண்ணார்பண்ணை, நடந்தே போவாள். காசு எண்ண நேரமாகும் நாட்களில் காரைநகர்ப் பிள்ளை பாதியில் ஓடிவிடுகிறாள் என்று மற்றவளுக்குக் கோபம், கணக்குக் குறைந்தால் தன் தலையில் விழும் என்று. இரண்டு பேரும் ஒரு மாதம் கதைக்கவில்லை. இவள் என்ன செய்தாள் என்றால், கிட்ட இருக்கிறவள் பூட்டுவது, அதற்குப் பதிலாகக் காலமை ஒரு மணித்தியாலம் பிந்தி வருவது, காரைநகர்ப் பிள்ளை காலமைக் காசை எண்ணித் திறப்பது, போகும்போது அதுவரை உள்ள காசை எண்ணி இருவரும் கையெழுத்து வைப்பது என்று மாற்றியிருக்கிறாள். கையெழுத்து வைக்கச் சொன்னபோது "என்னைக் கள்ளி எண்டு நினைக்கிறியளோ அக்கா" என்று அந்தப் பிள்ளை கேட்டதாம். இவள் தன் கையெழுத்தையும் அதே தாளில் மூன்றாவதாக வைத்திருக்கிறாள்.

"இவ்வளவும் செய்துபோட்டோ சண்டை இல்லை எண்டு சொல்லுறாய்?"

"அது சண்டை இல்லை மாமா, பஸ் பிரச்சினை."

"வெள்ளிக்கிழமை அதைச் சொல்லு. மூண்டாவது கையெழுத்தை விட்டுடாதை."